பெண் தொட்டி

பெண் தொட்டியில் ஓர் இறால் சினையாக இருந்தது.

இதில் திடுக்கிட என்ன இருக்கிறது, பெண் என்றால் சினைப்படத்தானே செய்யும் என்று யாரும் கேட்பார்கள். ஆனால் அந்தத் தொட்டியில் ஆணே கிடையாது. அழகுக்காக வளர்க்கிற குட்டிச் சிவப்பு இறால்கள் அவை. அரை நகம் அளவு வளர்ந்தபோதே இசைவாணி ஒவ்வொன்றையும் எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்து, ஆண்களைக் கூடத்து ஜன்னலோரத் தொட்டியிலும் பெண்களைப் பின்னறைத் தொட்டியிலும் பிரித்து விட்டிருந்தாள். நடுவில் ஒரு சுவரும் ஒரு கதவும் இருந்தன. மூன்று மாதமாக அந்தப் பதினெட்டுப் பெண்களும் ஆண் வாடையே படாமல் பாசியை மேய்ந்துகொண்டு நிம்மதியாகத்தான் இருந்தன.

அன்று காலை பதினோரு மணிக்கு, இருப்பதிலேயே பெரியது கண்ணாடியை ஒட்டி வந்து நின்றது. அதன் வயிற்றுக்கடியில் கடுகைவிடச் சின்னதாக இருபது முப்பது முட்டைகள் கொத்தாக ஒட்டியிருந்தன. குட்டிக் கால்களால் அவற்றை ஓயாமல் விசிறிக்கொண்டு, அது இசைவாணியையே பார்ப்பது போல நின்றது.

கையில் டம்ளரோடு அவளும் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றத்தான் வந்திருந்தாள். கரண்ட் இல்லாததால் காற்று பம்ப் ஓடவில்லை. மணிக்கொரு தடவை இப்படி ஊற்றினால்தான் தண்ணீரில் காற்று சேரும். 'தானே' என்று பேர் வைத்த புயல் அடித்து நான்கு நாள் ஆகியும் கடலூரில் அவர்கள் தெருவுக்குக் கரண்ட் வரவில்லை. இரவும் பகலும் அந்த அறையில் முணுமுணுத்துக்கொண்டிருந்த பம்ப் நின்றுபோனதில் வீடே காது அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. வெளியே தூரத்தில் யாரோ விழுந்த மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். பச்சை மரத்தூள் வாடையும், அழுகத் தொடங்கிய வேப்பிலை வாடையும், நகராட்சிக்காரர்கள் தெருவெல்லாம் தூவிப்போன பிளீச்சிங் பவுடரின் காரமும் ஜன்னல் வழியே கலந்து வந்தன.

ஆண் பெண் பிரிப்பதில் இசைவாணி தப்பு செய்யமாட்டாள். இதை அவள் சொல்லிக்கொள்வதில்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவளோடு விலங்கியல் படித்தவர்கள் சொன்னது. "பொண்ணு பாக்கணுமா, இசைவாணியக் கூப்புடு" என்று லேபில் ஓட்டுவார்கள். பெண் இறால் பெரிதாக, அடர்ந்த சிவப்பாக இருக்கும். அதன் அடிவயிறு வளைந்து தொங்கும். தலைக்குப் பின்னால் முதுகில் ஒரு மஞ்சள் பட்டை தெரியும். அது இன்னும் கீழே இறங்காத முட்டை. ஆண் மெலிந்து, வெளிறி, நேரான வயிற்றோடு இருக்கும். ஆண் சேர்ந்த பிறகு முட்டைகள் வயிற்றுக்கடியில் இறங்கும். அதிலிருந்து மூன்று நான்கு வாரம் தாய் அவற்றை விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். விசிறல் நின்றால் முட்டை பூசணம் பிடித்துவிடும். பொரிவதற்குச் சில நாள் முன்பு ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை கண்கள்.

அவள் வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவையும் டார்ச்சையும் லென்ஸையும் எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஆறாவது மாதம், உட்காருவதே இப்போதெல்லாம் ஒரு வேலையாக இருந்தது. ஒவ்வோர் இறாலாக வலையில் பிடித்து டப்பாவில் விட்டு, அடியிலிருந்து டார்ச் அடித்தாள். வெளிச்சம் பட்டால் இறாலின் உடம்பு கண்ணாடிபோல் ஆகிவிடும், குடலும் முட்டையும் தெளிவாகத் தெரியும். பதினெட்டையும் பார்த்தாள். பதினெட்டும் பெண். சந்தேகத்துக்கே இடமில்லை.

சில சமயம் ஆண் சேராமலும் முட்டை கீழே இறங்கிவிடும், இரண்டு நாளில் தானாக உதிர்ந்து போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தண்ணீர் மாறினால் அப்படி நடக்கும். தண்ணீர் மாறியதும் உண்மைதான். புயல் வந்த ராத்திரி, காற்று கூரையைப் பிய்க்கிற அளவுக்கு வருவதற்கு முன்னால், இருந்த அண்டாவையெல்லாம் அவள் கொல்லைப்புற முற்றத்தில் வரிசையாக வைத்திருந்தாள். ஊர் முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாமியைக் கூப்பிட்ட நேரத்தில், இறாலுக்கு நல்ல மழைத்தண்ணீர் கிடைக்குமே என்று அண்டா வைத்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். காலையில் அவற்றிலிருந்து ஊற்றியதில் நீல டிரம் நிறைந்தது. லேசாக உப்புக் கரித்தது. கடல் காற்றில் தூக்கி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அதைத்தான் பெண் தொட்டிக்கு மாற்றினாள். ஆண் தொட்டிக்குப் பழைய தண்ணீரே இருந்தது.

மறுநாள் முட்டை உதிரவில்லை. சினை இறால் ஏழு ஆகியிருந்தது.

அதற்கு மறுநாள் பதினெட்டும்.

அன்று மத்தியானம் தேவநாதன் வந்தான். மின்வாரியத்தில் லைன்மேன், புயலுக்கு முந்தின நாள் வேலைக்குப் போனவன், இப்போதுதான் வீட்டு வாசலை மிதிக்கிறான். வெயிலில் கறுத்து, உதடு வெடித்து, சட்டை முதுகில் உப்புப் பூத்திருந்தது. தெருமுனையில் ஜீப் நிற்கிறது, அரை மணி நேரம்தான் என்றான். இசைவாணி அவசரமாக ரசமும் அப்பளமும் வைத்தாள்.

"பண்ருட்டி பக்கம் ஒரு போஸ்ட் நிக்கல வாணி. அண்ணாகிராமத்துல பலாமரம்லாம் வேரோட சாஞ்சு கம்பி மேல படுத்துகினு இருக்குது. முந்திரித் தோப்புன்னு ஒன்னு இல்லவே இல்ல. ஜனங்க ரோட்டுல உக்காந்து அழுவுறாங்க, நாங்க போயி மரத்த அறுக்கறோம்னா அவுங்க மூஞ்ச பாக்க முடியல."

அவன் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள். "ஏங்க, பெண் தொட்டியில எல்லாம் சினையா இருக்குதுங்க."

"நல்லதுதான. குஞ்சு ஜாஸ்தியா வரும்."

"ஆம்பளையே இல்லங்க அதுல."

தேவநாதன் சிரித்தான். "இருக்கற ஒரு ஆம்பள நானு, நானே வீட்டுல இல்ல. எங்கனா ஒன்னு தப்பிப் போயி உள்ள பூந்திருக்கும். உனக்கும் தூக்கமில்ல, கண்ணு ஏமாத்தியிருக்கும்."

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து அவள் வயிற்றில் உள்ளங்கையை வைத்தான். இந்த ஒன்றுக்காகத்தான் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் போயிற்று. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில். இரண்டு தடவையும் அவன் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டு கம்பம் கம்பமாக ஏறிக்கொண்டிருந்தான். இதுவும் தங்காவிட்டால் என்ன ஆவோம் என்று இசைவாணி யோசித்ததே இல்லை, யோசிக்கத் துணிச்சல் வரவில்லை.

"துக்குனூண்டு இறாலுக்கு ஆணா பொண்ணான்னு சொல்ற. இதுக்குச் சொல்லேன்."

"சொன்னா புடிச்சி ஜெயில்ல போட்டுடுவாங்க."

இருவரும் சிரித்தார்கள். அப்போது அவன் உள்ளங்கைக்கு அடியில் பிள்ளை ஓங்கி ஓர் உதை உதைத்தது. அவன் முகம் மாறியதைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "இந்த தபா ஒன்னும் ஆவாது பாரு" என்றான். "நம்ம தெரு லைன நானே ஏறிப் போடறேன். ரெண்டே நாளு."

ஜீப் போன பிறகு பிள்ளை உதைக்கவில்லை.

சாயங்காலம்வரை அவள் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தபோது இடதுபக்கம் சாய்ந்து படுத்தாள். சர்க்கரை வாயில் போட்டுக்கொண்டாள். டாக்டர் சொன்னபடி வயிறு நிறையத் தண்ணீர் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ தெரிந்தது. உதை இல்லை. புரண்டு படுப்பதும் இல்லை. மெல்லிய, சீரான, நிற்காத ஓர் அசைவு, அடிவயிறு முழுக்கப் பரவலாக, யாரோ உள்ளேயிருந்து நூறு விரல் நுனியால் தடவிக்கொடுப்பதுபோல. விக்கலாக இருக்கும் என்று நினைத்தாள். பிள்ளைக்கு வயிற்றிலேயே விக்கல் வரும் என்று படித்திருக்கிறாள்.

விக்கல் ராத்திரி பூராவும் வராது. மறுநாள் காலையிலும் வராது.

காலையில் கைகால் கழுவாமல் நேரே பின்னறைக்குப் போனாள். ஏன் அங்கே போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பதினெட்டும் கண்ணாடியோரம் வரிசையாக நின்று விசிறிக்கொண்டிருந்தன. அவள் தன் வயிற்றில் கை வைத்தாள். இறால்களின் கால்களைப் பார்த்தாள். கைக்கடியில் ஓடிய அசைவும் கண்ணெதிரே ஓடிய அசைவும் ஒரே வேகத்தில் போயின. தொட்டியில் ஒரு கணம் தயங்கினால் வயிற்றிலும் ஒரு கணம் தயங்கியது.

முட்டைகளில் கண் வந்திருந்தது.

இரண்டு வாரமாவது ஆக வேண்டும். மூன்றே நாளில் வந்திருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முட்டையிலும் இரண்டிரண்டு கறுப்புப் புள்ளிகள். இறால் குஞ்சின் கண்கள் பக்கத்துக்கொன்றாக, தள்ளித் தள்ளி இருக்கும். இவை இரண்டும் அருகருகே, முன்பக்கம் பார்த்தபடி இருந்தன. அவள் லென்ஸை இடப்பக்கம் நகர்த்தினாள். புள்ளிகள் இடப்பக்கம் வந்தன. வலப்பக்கம் நகர்த்தினாள். எல்லாம் வலப்பக்கம் வந்தன. லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியிலிருந்து விலகி, கதவருகே போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து முட்டையே கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் பார்க்கப்படுவது தெரிந்தது.

தொண்டை வறண்டுபோய்ச் சமையலறைக்கு வந்து சொம்பை எடுத்தாள். பாதி குடித்த பிறகுதான் நாக்கில் அந்த லேசான கரிப்பு உறைத்தது.

லாரியில் வரும் தண்ணீரில் பிளீச்சிங் வாடை குடலைப் புரட்டுகிறது என்று, புயலுக்கு மறுநாளிலிருந்து அவள் நீல டிரம்மில் இருந்துதான் மொண்டு, காய்ச்சி, வடிகட்டிக் குடித்துக்கொண்டிருந்தாள். சுத்தமான மழைத்தண்ணீர், அதுவும் பிள்ளைத்தாய்ச்சிக்கு. இறாலுக்குக் கொடுத்ததைத்தான் அவளும் குடித்திருக்கிறாள். ஆறு நாளாக. சொம்பு சொம்பாக.

சொம்பைக் கழுவுதொட்டியில் போட்டுவிட்டு வாயில் விரலை விட்டு வாந்தி எடுத்தாள். தண்ணீராகத்தான் வந்தது. தெளிவாக, வாடையில்லாமல் வந்தது.

அப்புறம் பயம் கோபமாயிற்று. இந்த அற்பப் பூச்சிகளைக் கண்டு நடுங்கி நிற்கிறோமே என்று ஆத்திரம் வந்தது. இறாலைக் கொல்வது ஒன்றும் கஷ்டமில்லை, இத்தனை வருஷம் அவை சாகாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது. லாரித் தண்ணீர் ஒரு பக்கெட் போதும். பிளீச்சிங் பட்டால் ஐந்து நிமிஷத்தில் சுருண்டுவிடும். இரண்டு கையாலும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். முதலில் ஒரு சொம்பு மொண்டு ஊற்றினாள்.

பதினெட்டும் சிதறி ஓடின. கண்ணாடியில் மோதின. மேலே பாய்ந்தன.

இடுப்பில் அந்த வலி வந்தது.

அவளுக்குத் தெரிந்த வலி. இரண்டு தடவை பார்த்த வலி. முதுகுத்தண்டின் அடியிலிருந்து முன்பக்கமாகச் சுற்றிவந்து கீழ்நோக்கி இழுக்கும். சொம்பு கையிலிருந்து விழுந்தது. பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள். தொட்டிக்குள் ஓர் இறால் மல்லாந்து கால்களை உதறியது. அது உதறும்போதெல்லாம் அவளுக்குள் இழுத்தது.

"வேணாம்" என்றாள். "வேணாம், வேணாம்."

எழுந்ததும் ஓடியதும் அவளுக்கு நினைவில்லை. டிரம்மில் மிச்சமிருந்த மழைத்தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினாள். தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு மொண்டு தரையிலேயே கொட்டினாள். புடவை நனைந்து, முழங்கை சிராய்த்து, டிரம் வற்றும்வரை ஊற்றினாள். மல்லாந்து கிடந்தது மெல்லப் புரண்டு எழுந்தது. பாசியைப் பிடித்துக்கொண்டு நின்றது. கால்கள் மறுபடியும் விசிறத் தொடங்கின.

வலி விட்டது. வயிற்றில் அந்த அசைவும் திரும்பி வந்தது. ஈரத் தரையில் உட்கார்ந்து அவள் வாய்விட்டு அழுதாள். பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாள் வந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஐந்து நாளாக நிவாரண முகாமில் இருந்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். இசைவாணி வாசலிலேயே காத்திருந்து கூப்பிட்டாள். பிள்ளை உதைக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். மற்றதை எப்படிச் சொல்வது?

"இதுக்குப் போயி இப்பிடி மூஞ்ச வெச்சிருக்கியே. தலைகீழா திரும்பியிருக்கும், உதை முதுகுப் பக்கம் போவும்" என்று சொல்லிக்கொண்டே ஆரோக்கியம்மாள் பையிலிருந்து பிள்ளையின் துடிப்பைக் கேட்கிற, புனல்போன்ற சின்னக் குழாயை எடுத்தாள். கட்டிலில் படுக்கவைத்து, குழாயின் அகன்ற வாயை வயிற்றில் பதித்து, மறுமுனையில் காதை வைத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

மின்விசிறி ஓடாத அறை. மரம் அறுக்கும் சத்தமும் நின்றிருந்தது. ஆரோக்கியம்மாள் குழாயை இடம் மாற்றி வைத்தாள். மறுபடியும் மாற்றினாள். தொப்புளுக்கு மேலே, கீழே, விலாவோரம்.  கடிகாரத்தைப் பார்ப்பதை எப்போதோ விட்டிருந்தாள்.

"துடிப்பு கேக்குதாக்கா?"

"கேக்குதும்மா."

"எவ்வளவுக்கா? நூத்திநாப்பதா?"

ஆரோக்கியம்மாள் காதை எடுத்தாள். குழாயை முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "எண்ண முடியல" என்றாள்.

"வேகமா இருக்குதாக்கா?"

"ஒன்னா இருந்தா எண்ணலாம்." அவள் இசைவாணியின் முகத்தைப் பார்க்கவில்லை. "எல்லா எடத்துலயும் கேக்குது. வண்டியெல்லாம் இப்ப முகாம் முகாமா ஓடுது, காலையில மொத வேலையா நூத்தியெட்டு வண்டிய வரச்சொல்றேன், ஜி.எச்.சுக்குப் போயிடலாம். கர்த்தர் இருக்காரு. நீ எந்திரிக்காத, படு."

காபி போடுகிறேன் என்று இசைவாணி சொல்வதற்குள் அவள் வாசலைக் கடந்துவிட்டாள். பக்கத்து வீட்டில் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. வாசலில் ஆரோக்கியம்மாளின் செருப்பு அப்படியே கிடந்தது.

காலைவரை. ஒரு ராத்திரி, அவ்வளவுதான் என்று சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் இருக்கும். ஸ்கேன் எடுப்பார்கள். திரையில் தலையும் முதுகெலும்பும் கட்டைவிரலும் தெரியும். போன மாதம் தெரிந்ததே. கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டிருந்ததே. அந்தப் படத்தை விடாமல் நினைத்துக்கொண்டிருந்தாள், நினைப்பு நின்றால் அதுவும் நின்றுவிடும் என்பதுபோல.

பொழுது சாயும் நேரத்தில் வயிற்றில் அசைவு மாறியது. சீராக இருந்தது வேகம் பிடித்தது. அடிவயிற்றில் மட்டும் இருந்தது விலா வரைக்கும் ஏறியது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து பின்னறைக்குப் போனாள்.

தொட்டியில் விசிறல் நின்றிருந்தது. பதினெட்டும் கண்ணாடியை ஒட்டி அசையாமல் நின்றன. எல்லா வயிறும் காலி. ஒரு முட்டை இல்லை. பொரிந்திருக்க வேண்டும் என்று பாசியை விலக்கிப் பார்த்தாள், கல்லைப் புரட்டிப் பார்த்தாள், டார்ச் அடித்து மூலை மூலையாகத் தேடினாள். குஞ்சு ஒன்றுகூட இல்லை. தண்ணீர் சுத்தமாக இருந்தது. வேலை முடிந்தவர்களைப்போல அவை அவளைப் பார்த்து நின்றன.

அவளுக்குள் விசிறல் ஓங்கி அடித்தது.

தரையில் உட்கார்ந்தாள். "கண்ணு" என்றாள். "ஒரே ஒரு தபா உதைடா. அம்மா வேற எதுவும் கேக்க மாட்டேன். ஒரே ஒரு உதை."

காத்திருந்தாள்.

உதை வரவில்லை.

காலைவரை பொறுக்க முடியாது என்று தோன்றியது. கையில் டார்ச் இருந்தது. பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தது. கண்ணாடி உடம்பு இறாலுக்குத்தான், மனுஷிக்கு இல்லை. இருந்தாலும் முந்தானையை விலக்கினாள். டார்ச்சை இடுப்பின் பக்கவாட்டில் வைத்து அழுத்தினாள். சுவிட்சைத் தள்ளினாள்.

உள்ளங்கையில் டார்ச் அடித்தால் தெரிகிற சிவப்புத்தான் முதலில் தெரிந்தது. அவளுக்கு மூச்சு வந்தது. சதைதான். ரத்தம்தான். எல்லோருக்கும் இருப்பதுதான்.

பிறகு சிவப்பு வெளிறியது.

எண்ணெய் பட்ட காகிதம்போல, டார்ச் இருந்த இடத்திலிருந்து தோல் தெளிந்துகொண்டே வந்தது. வலி இல்லை. சூடு இல்லை. விலாவோரம் தெளிந்தது. தொப்புள் தெளிந்தது. மறுபக்கம்வரை தெளிந்தது. அவள் தன் வயிற்றுக்குள் பார்த்தாள்.

தலை இல்லை. முதுகெலும்பு இல்லை. கட்டைவிரல் இல்லை.

புள்ளிகள்.

இரண்டிரண்டாக. நெருக்கமாக. அடிமுதல் விலாவரை. இடமே விடாமல். டார்ச்சைப் பார்த்தபடி.

கத்தினாள். சத்தம் வரவில்லை. டார்ச்சை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். கை எடுக்கவில்லை. நூறா, ஆயிரமா. எல்லாம் அவளுடையவை. இந்தப் பிள்ளையாவது தங்கட்டும் என்று அவள் வேண்டாத சாமி இல்லை.

தங்கியிருந்தன.

தலைக்கு மேலே மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றத் தொடங்கியது. ட்யூப்லைட் இரண்டு தடவை இமைத்து எரிந்தது. பம்ப் முணுமுணுத்தது. தெருவே ஓவென்று கூச்சல் போட்டது, பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள், யாரோ விசில் அடித்தார்கள். வாசலில் கனமான காலடி.

"வாணி! வந்துடுச்சு பாத்தியா! நானே ஏறிப் போட்டன், சொன்னன்ல! எங்க இருக்க?"

முந்தானையை இழுத்து மூடவேண்டும். அவன் பார்க்கக்கூடாது. அவன் மட்டும் பார்க்கக்கூடாது. அவள் கைகளுக்குச் சொன்னாள். கைகள் கேட்கவில்லை. டார்ச் உருண்டு போயிற்று, தோல் தெளிந்தபடியே இருந்தது. இரண்டு கைகளும் வயிற்றுக்கு மேலே போய், விரல்களை விரித்துக்கொண்டு, விசிறத் தொடங்கின. மெதுவாக. பிறகு வேகமாக. நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் பூசணம் பிடித்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

தேவநாதன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். தோளில் கயிறு, நெற்றியில் கிரீஸ், முகம் கொள்ளாத சிரிப்பு. அந்தச் சிரிப்பு ட்யூப்லைட் வெளிச்சத்தில் இன்னும் கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே இருந்தது.

"வாணி?" என்றான்.

அவள் வயிற்றுக்குள் அத்தனை கண்களும், அப்பாவின் குரல் வந்த பக்கமாக, ஒன்றாகத் திரும்பின.